ஹீட் சிங்க்: உறிஞ்சியா, வடிகாலா, ஆற்றியா?

மின்னணுச் சாமான்களின் சூட்டை வாங்கிக் காற்றுக்கு அனுப்பும் உலோகத் துண்டுக்கு ஆங்கிலத்தில் ‘ஹீட் சிங்க்’ என்று பெயர். அதற்குத் தமிழாகப் போன மாதத்தில் மட்டும் ‘வெப்ப உறிஞ்சி’ என்ற சொல் நான்கு முறை காதில் விழுந்துவிட்டது. மூன்று முறை யூடியூப் காணொளிகளில். அவற்றைப் பொறுத்துக்கொண்டேன். நான்காவது, நங்கநல்லூரில் அண்ணன் வீட்டில், அண்ணன் மகன் வாயிலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டதே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பையன் பால்கனியில் வெந்தயக்கீரையும் புதினாவும் வளர்க்க எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தானே செய்துகொண்டிருந்தான். சென்னையில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். அந்தப் பால்கனிக்கு எதிரே மூன்றடியில் பக்கத்து அடுக்ககத்தின் சுவர் நிற்கிறது. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அங்கே அந்தி நேரம்தான். மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் 50 வாட் எல்.இ.டி. ஒன்று வாங்கி வந்திருந்தான். அதன் முதுகில் பொருத்துவதற்காகக் காயலான் கடையில் ஓர் அலுமினியக் கட்டியையும் பிடித்திருந்தான். அரைச் செங்கல் அளவு, இரண்டு கிலோ.

“எதுக்குடா இவ்வளவு பெரிய கட்டி?”

“வெப்ப உறிஞ்சி கனமா இருக்கணும் சித்தப்பா. எவ்வளவு கனமோ அவ்வளவு உறிஞ்சும்.”

விளக்கைப் போட்டான். பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். முகத்தில் பெருமை தாங்கவில்லை. காபி குடித்து, பேச்சு வளர்ந்து, ஒரு மணி நேரம் போனபின் அவனே போய் விரலை வைத்தான். சுரீரென்று கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான்.

கணக்கு எளிது. ஒரு கிராம் அலுமினியம் ஒரு டிகிரி சூடாக 0.9 ஜூல் வேண்டும். இரண்டு கிலோவுக்கு 1800 ஜூல். 50 வாட்டில் ஒளியாகப் போனது போக 30 வாட் வெப்பமாகிறது என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 1800 ஜூல். ஆக, நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். முதலில் ஏறும் வேகத்தைத்தான் அந்தக் கனம் குறைத்தது. வழவழவென்று இருக்கும் கட்டியின் ஆறு முகங்கள் வழியாக 30 வாட்டும் காற்றுக்குப் போக வேண்டுமென்றால் கட்டி நன்றாகக் கொதித்தாக வேண்டும். அதுதான் நடந்தது. உறிஞ்சி என்ற பேருக்கு ஏற்ப உறிஞ்சியது, நிறைந்தது, சுட்டது. பையன் மேல் தப்பில்லை. சொல் எந்தப் பொருளைக் காட்டியதோ அதைத்தான் வாங்கி வந்தான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘சிங்க்’ என்றால் மூழ்கு என்ற வினை ஒரு பக்கம். பெயர்ச்சொல்லாக வரும்போது அது கழிவுநீர் போய்ச் சேரும் குழி. பிறகுதான் சமையலறைத் தொட்டிக்குப் பெயரானது. நீராவி எஞ்சின் போன்ற வெப்ப இயந்திரங்களை ஆராய்ந்தவர்கள் வெப்பம் புறப்படும் இடத்தை ஊற்று என்றும், கழித்துவிடப்படும் இடத்தை சிங்க் என்றும் இணையாக வைத்தார்கள். பின்னாளில் மின்னணுக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்து இதழ் இதழாகப் பிளந்த உலோகத்தின் தலையில் கட்டினார்கள். ஆங்கிலத்திலேயே கொஞ்சம் பொருந்தாத பெயர் இது. வெப்பம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அறைக்காற்று. உலோகம் நடுவில் நிற்கும் வழி மட்டுமே.

இப்போது தமிழில் உலவுகிற சரக்குகளைப் பார்ப்போம். ‘வெப்ப மூழ்கி’யை ஒரே வரியில் தள்ளிவிடலாம்: அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியது, எதில் எது மூழ்குகிறது என்று ஒட்டியவருக்கே தெரியாது. ‘வெப்ப ஏற்பி’ என்பாரும் உண்டு. வெப்ப இயந்திரத்துக்கு அது பொருந்தும், கடலும் காற்றும் எவ்வளவு கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். கையளவு அலுமினியத்துக்குப் பொருந்தாது.

உறிஞ்சிக்கு வருவோம். உறிஞ்சுதல் என்றால் தமிழில் என்ன? மணல் தண்ணீரை உறிஞ்சும், அட்டை இரத்தத்தை உறிஞ்சும், பஞ்சு மையை உறிஞ்சும். வெளியே இருப்பதை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும் வேலை எல்லாம் உறிஞ்சல். நம்மூர் மொட்டை மாடிகளில் சூரிய வெந்நீர்க் கருவி சாய்ந்து நிற்கிறதே, அதன் கறுப்புத் தகடு அசல் வெப்ப உறிஞ்சி. வெயிலை வாங்கித் தண்ணீருக்குக் கொடுப்பதற்காகவே செய்தது. வெப்பத்தை வாங்கப் பிறந்த தகட்டுக்கும், விரட்டப் பிறந்த தகட்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, “தமிழில் அறிவியல் சொன்னால் குழப்பமாக இருக்கிறது” என்று தமிழின் மேல் பழி போடுகிறார்கள். குழப்பம் தமிழில் இல்லை ஐயா.

உறிஞ்சி என்ற பெயர் கேள்வியையே மாற்றிவிடுகிறது என்பதுதான் என் பெரிய சண்டை. உறிஞ்சி என்றால் ‘எது அதிகம் உறிஞ்சும்?’ என்று மனம் போகும். அப்படிப் பார்த்தால் கைக்கெட்டும் பொருள்களில் தண்ணீர்தான் முதலிடம், கிராமுக்கு 4.2 ஜூல். விளக்கின் முதுகில் பிளாஸ்டிக் குடத்தையா கட்டுவது? கேட்க வேண்டிய கேள்வி வேறு: எல்.இ.டி.யின் முதுகிலிருந்து வெப்பம் எவ்வளவு எளிதாகப் பரவும், எவ்வளவு பரப்பில் காற்றைத் தொடும்?

முதல் பாதிக்கு உலோகம் பதில் சொல்லும். வெப்பம் கடத்தும் எண்ணில் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கு) செம்பு சுமார் 400, தூய அலுமினியம் 237, ஜன்னல் சட்டங்களுக்கு அச்சில் பிதுக்கி எடுக்கிற 6063 என்ற அலுமினியக் கலவை ஏறத்தாழ 200. எவர்சில்வர் வெறும் 16. ரசத்தில் கிடக்கும் எவர்சில்வர் கரண்டியின் காம்பு சட்டென்று சுடாததற்கு அதுவே காரணம். “செம்பு இரண்டு மடங்கு கடத்துமே, அதையே வாங்கலாமே” என்று தோன்றும். செம்பின் எடை அலுமினியத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல், விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதைவிட முக்கியம், முட்டுக்கட்டை உலோகத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. அசையாத காற்றின் கடத்தும் எண் 0.026. அந்த வாசலில் கூட்டம் நெரியும்போது உள்ளே சாலையை இரட்டிப்பாக்கி என்ன பயன்? வாசல்களைத்தான் கூட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த இதழ்கள். (ஆங்கிலத்தில் ‘ஃபின்’ எனப்படும் இவற்றை ‘துடுப்பு’ என்று எழுதுகிறவர்களுக்குத் தனி நமஸ்காரம். எந்த ஆற்றில் படகு விடுகிறார்களோ!)

நண்பர் ஒருவர், தமிழாசிரியர், ‘வெப்ப அங்கணம்’ என்றார். அழகான சொல். குறளிலேயே இருக்கிறது, அங்கணத்தில் கொட்டிய அமிழ்து என்று 720ஆம் குறளில் வரும். தெற்கே அங்கணக்குழி என்றால் இன்றும் பாத்திரம் கழுவும் இடம்தான். ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் கிடைக்காது. ஆனால் ஆங்கிலம் செய்த பிழையையும் சேர்த்துச் சுமப்பானேன்? தவிரவும், ரிச்சி தெருக் கடையில் அங்கணம் கேட்டால் பிளம்பிங் கடைக்கு வழி காட்டுவார்கள்.

எனக்குக் கொஞ்ச நாள் ‘வெப்ப வடிகால்’ பிடித்திருந்தது. சென்னைக்காரனுக்கு வடிகாலைப் பற்றி வகுப்பெடுக்கத் தேவையில்லை. மழைநீர் வடிகாலின் வேலை தண்ணீரைத் தேக்குவதல்ல, கால்வாய்க்கும் கடலுக்கும் அனுப்புவது. போகும் வழி அடைத்தால் வடிகால் நீளமான தொட்டியாகிவிடும். டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தவர்கள் நாம். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் வைத்த ஹீட் சிங்க்கின் கதையும் அதுவே. நல்ல உவமை. ஆனால் உவமையாகவே நின்றுவிடுகிறது. வடிகால் ஒரே திசையில் ஓடும். இது நாலாபக்கமும் விரித்துக் கொடுக்கும்.

சரியான சொல் அடுக்களையில் இருந்தது. ‘ஆற்று.’

காபியை ஆற்றுகிறோம். டம்ளரிலிருந்து டவராவுக்கு ஒரு முழ உயரத்தில் ஊற்றும்போது என்ன நடக்கிறது? திரண்டு கிடந்த காபி மெல்லிய இழையாக நீண்டு அதன் பரப்பெல்லாம் காற்றில் படுகிறது. பாலை அகன்ற தாம்பாளத்தில் ஊற்றி ஆற்றுவதும் அதே சூத்திரம்தான். உலோகத்தை ஊற்ற முடியாதென்பதால் இதழாகப் பிளந்து காற்றில் நீட்டி வைத்திருக்கிறார்கள். சூட்டை ஆற்றுவது, சூடாற்றி.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘குளிர்விப்பான்’ என்று எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஆறுவது வேறு, குளிர்வது வேறு. ஆறிய காபி அறையின் சூட்டுக்கு வரும், அதற்குக் கீழே போகாது. கீழே போக வேண்டுமென்றால் ஃபிரிட்ஜ் வேண்டும். இந்த உலோகமும் அப்படித்தான். சித்திரையில் பால்கனியில் 38 டிகிரி என்றால் எவ்வளவு பெரிய சூடாற்றி வைத்தாலும் 38-க்குக் கீழே இறங்காது. இந்த வித்தியாசத்தை ‘ஆறு’ என்ற ஒற்றை வினை தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கார் ரேடியேட்டரும் சூடாற்றிதானே, இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று தமிழாசிரிய நண்பர் மடக்கினார். இரண்டும் ஒரே வேலை செய்யும்போது ஒரே பெயர் இருந்தால் குடி முழுகிவிடாது. வேண்டுமானால் ஒன்றை நீர்ச் சூடாற்றி என்று வைத்துக்கொள்ளட்டும்.

பையனுக்குப் பிறகு பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து கழற்றிய, கறுப்புப் பூச்சேற்றிய சூடாற்றி கிடைத்தது. எடை கட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கறுப்பு வெயிலை இழுக்குமே என்று பயந்தான். நிழலில் அந்தப் பயம் வேண்டாம், அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் செலுத்தி ஆக்ஸைடு படலம் ஏற்றிய பரப்பு வெறும் பளபள அலுமினியத்தைவிடப் பல மடங்கு எளிதாக வெப்பத்தைக் கதிராக வெளியே விடும். இதழ்கள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டினோம், சூடான காற்று தடையில்லாமல் மேலே போக வேண்டுமே. இடையில் தடவுவதற்குக் கடைக்காரர் கொடுத்த குப்பியை ‘வெப்பப் பசை’ என்று நினைத்து, ஒட்டட்டும் என்று தோசை மாவு கணக்காக அப்பியிருந்தான். அது ஒட்டுவதற்கில்லை. இரண்டு பரப்புக்கும் நடுவிலுள்ள நுண்பள்ளங்களில் காற்று தங்காமல் நிரப்புவதற்கு. சுரண்டி எடுத்து மெல்லிசாகத் தடவினோம். களிம்பு என்று சொல்லியிருந்தால் மெல்லிசாகத்தான் தடவியிருப்பான்.

இப்போது மூன்று மணி நேரம் எரிந்தாலும் சூடாற்றியில் கை வைத்து எடுக்க முடிகிறது. நடுவில் ஒரு நாள் மட்டும் தகராறு. அண்ணி கைப்பிடித் துணியைத் துவைத்து இதழ்கள் மேல் காயப்போட்டுவிட்டார். “சூட்டை உறிஞ்சுற சாமான்னு அவன்தானே சொன்னான், துணி போட்டா என்னவாம்?” என்றார். காபி ஆற்றும்போது டவராவை மூடி வைப்பீர்களா அண்ணி என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்.

விளக்குக்கே என்ன பெயர் என்பது அடுத்த வழக்கு. எல்.இ.டி. வந்த அட்டைப்பெட்டியில், ஆங்கிலத்தின் ‘குரோ லைட்’டைத் தமிழாக்கி ‘வளர் விளக்கு’ என்று போட்டிருந்தது. வளர்பிறை என்றால் வளர்கின்ற பிறை, வளர்விளக்கு என்றால் வளர்கின்ற விளக்கு. நாளுக்கு ஓர் அங்குலம் வளருமோ என்னவோ. ‘வளர்ப்பு விளக்கு’ என்றால் யாரோ தத்தெடுத்தது போலிருக்கிறது. செடிவிளக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். இதையெல்லாம் எழுதுகிறவர்கள் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. இயந்திரம் மொழிபெயர்த்ததை இன்னோர் இயந்திரம் அச்சடிக்கிறது. அதே பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் மூன்றாவது குறிப்பு, மின்னோட்டத்தைச் சீராகக் கொடுக்கும் டிரைவர் பற்றியது: “ஓட்டுநரை ஈரம் படாத இடத்தில் இரண்டு திருகாணிகளால் இறுக்கமாகப் பொருத்தவும்.”