லேபிள் என்பதற்குத் தமிழ்: கண்ணெழுத்து

லேபிள் என்ற சொல் நம்மில் பலருக்கும் பள்ளிக்கூட நோட்டில்தான் அறிமுகமானது. ஜூன் மாதம் பழுப்பு அட்டை போட்டு, மேலே சின்னத் தாள் ஒன்றை ஒட்டி, பெயர், வகுப்பு, பாடம் என்று நம் கையாலேயே எழுதுவோம். இன்றைக்கு அந்தச் சொல் படத்தின் மேலும் கவிதையின் மேலும் பாட்டின் மேலும் ஏறியிருக்கிறது. "ஏஐ லேபிள் போட்டீங்களா?" என்ற கேள்வியை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் படம் எடுக்கும், கதை எழுதும் பிள்ளைகளின் குழுக்களிலும் கேட்கலாம். செயற்கை நுண்ணறிவால் முழுதாகவோ பாதியாகவோ ஆக்கிய ஒன்றை இணையத்தில் பகிரும்போது, அதைச் சொல்லி வைக்கும் குறிப்புதான் இந்த லேபிள்.

சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே நாடாவுக்கும் துணிக்கரையில் தொங்கும் சிறு துண்டுக்கும் அப்படிப் பெயர். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆவணத்தில் அரக்கு முத்திரையைத் தாங்கித் தொங்கும் நாடாவையும் அப்படியே அழைத்தார்கள். பொருளின் பெயர் எழுதி ஒட்டும் தாளுக்கு அது ஆகிவந்தது அதற்குப் பிறகு. ஒரு மனிதனை 'இவன் இப்படிப்பட்டவன்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடும் பொருள் இன்னும் பிந்தியது.

தமிழில் இதற்குப் பெயர்ச்சீட்டு, விவரச்சீட்டு, அடையாளச்சீட்டு எல்லாம் இருக்கின்றன. மருந்துப் புட்டிக்கு அவை போதும். திரையில் ஓடும் படத்தில் சீட்டு எங்கே இருக்கிறது? சிலர் முத்திரை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'முத்திரை குத்துவது' என்றாலே தமிழில் அடுத்தவர் நம்மேல் ஏற்றும் பழி. படைத்தவர் தானே முன்வந்து சொல்வதற்கு அந்தப் பெயரை வைத்தால், சொல்ல வருகிறவரும் பின்வாங்குவார். குறியீடு என்பது வேறு வேலைக்குப் போய்விட்டது. 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குக் கிடைத்ததே, அந்தப் புவிசார் குறியீட்டில் அது நிலைத்துவிட்டது.

சரியான சொல் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துப் பொதிகளைப் பற்றி வரும் அடிகள்:

வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த
கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி

வம்ப மாக்கள் என்றால் ஊருக்குப் புதியவர்கள், வெளியிலிருந்து வந்த வணிகர்கள். கண்ணெழுத்து என்றால் பொதியின் மேல் இடும் அடையாள எழுத்து. இந்த இரண்டு அடிக்குள் ஒரு லேபிளுக்கு வேண்டிய எல்லாம் அடங்கியிருப்பதைப் பாருங்கள். யாருடையது என்பதற்குப் பெயர், கூடவே அடையாளம், 'எண்ணு' என்று கணக்கும் உண்டு. முக்கியமாக, 'தம்பெயர்' என்கிறது பாட்டு. சரக்கைக் கொண்டுவந்தவனே தன் பெயரைப் பொறிக்கிறான். காவல்காரன் அவன்மேல் பொறிக்கவில்லை. அந்தப் பொதிகள் கிடந்த இடத்துக்குக் கதவும் இல்லை, தாழும் இல்லை, காவலும் இல்லை என்று அடுத்த அடிகள் சொல்கின்றன. அந்தத் திறந்த இடத்துக்கு வெள்ளிடை மன்றம் என்று பெயர். புதியவனின் சரக்கை ஊர் ஏற்றுக்கொண்டது. பெயர் எழுதிய அந்தச் சரக்கு திறந்தவெளியிலேயே கிடந்தது.

புகார் தூரம் என்பவர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்திலேயே அழகன்குளம் இருக்கிறது. வைகை கடலில் சேரும் இடத்தருகே இருந்த அந்தப் பழைய துறைமுகத்தை அகழ்ந்தபோது ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. தமிழகத்தில் கிடைக்கும் இவ்வகை ஓட்டெழுத்துகளில் மிகுதியும் ஆட்பெயர்களே. தன் பானையில் தன் பெயரைக் கீறும் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதில்லை.

இனி, இந்தச் சொல்லுக்கு இன்று என்ன வேலை என்று பார்ப்போம். குழு ஒன்றில் 'பாம்பன் விடியல்' என்று ஒரு படம் வந்தது. பொன்னிற வானம், பாலம், முன்னால் ஒரு படகு. "அருமைண்ணே", "எந்த கேமரா?" என்று பாராட்டுகள் குவிந்தன. பாம்பன்காரர் ஒருவர் மட்டும், "மாப்ள, இது எந்த ஊருப் பாலம்?" என்று கேட்டார். பழைய ரயில் பாலத்தின் நடுக்கண் இரண்டாகப் பிளந்து மேலே எழுவதாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளக் கண் முழுதாகச் செங்குத்தாக ஏறும். படத்திலோ கம்பிகளில் தொங்கும் பாலம் இருந்தது.  படகின் முகப்பில் பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில், எந்த மொழிக்கும் சொந்தமில்லாத கோடுகள். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்துப்போல் இருக்கும், படிக்க முடியாது.

படம் அழகாகத்தான் இருந்தது. கற்பனைப் பாலம் வரைய யாருக்கும் உரிமை உண்டு. மூன்று மணிக்கே எழுந்து போய்த் துறையில் காத்துக் கிடந்து எடுத்த படமும் அதே குழுவில், அதே அளவில், பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் கிடைக்கும் "அருமை" ஒன்றே என்றால், காத்துக் கிடந்தவர் நாளைக்கு ஏன் போவார்? இரண்டு படமும் எப்படிப் பிறந்தன என்று பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்குகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பதநீர் மட்டும் காய்ச்சியதற்கு ஒரு விலை, சீனி சேர்த்ததற்கு ஒரு விலை. "சீனி சேர்த்ததுதாம்மா" என்று சொல்லி விற்பவரிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை. சொல்லாமல் விற்றால்தான் வம்பு.

கலந்த அளவைச் சொல்வதுதான் கடினமான பகுதி. 2024 மே மாதம் மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தன் தளங்களில் 'ஏஐ-யால் ஆனது' என்ற பொருளில் லேபிள் ஒட்டத் தொடங்கியது. சிறு தூசியை நீக்கியதற்கெல்லாம் அது ஒட்டிக்கொள்கிறது என்று நிழற்படக்காரர்கள் கொதித்தார்கள். ஜூலையில் அது 'ஏஐ தகவல்' என்று மாறியது. அமேசானின் நூல் வெளியீட்டுப் பிரிவு 2023இல் வேறு வழி எடுத்தது: ஏஐ உருவாக்கியதை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும், எழுத்தாளர் எழுதியதைத் திருத்த மட்டும் ஏஐ உதவியிருந்தால் வேண்டாம். ஜப்பானின் பிக்சிவ் ஓவியத் தளம் 2022லேயே ஏஐ ஓவியங்களைத் தனியே அடையாளமிட்டு, வேண்டாதவர் வடிகட்டிக்கொள்ள வழி செய்தது. நம் நாட்டில் 2025 அக்டோபரில் வந்த வரைவு விதி, படப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் லேபிள் தெரிய வேண்டும் என்றது. 2026 பிப்ரவரியில் விதி நடைமுறைக்கு வந்தபோது அந்த அளவு கைவிடப்பட்டது. தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது நின்றது.

இதில் எனக்கு நெருக்கமானது 'எண்ணு' என்ற பழஞ்சொல்தான். ஏஐ என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுப் போனால், எழுத்துப்பிழை திருத்தியவரும் ஒரே வரிக் கட்டளையில் சிறுகதை எடுத்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். எவ்வளவு என்று சொல்ல வேண்டும். 'படம் நான் எடுத்தது. வானம் மட்டும் ஏஐ.' 'கவிதை என்னுடையது, ஓவியம் ஏஐ.' 'கதை முழுதும் ஏஐ. தேர்ந்து சுருக்கியது நான்.' ஒரு வரி போதும். கூடவே கருவியின் பெயரும் இருந்தால் நல்லது. அந்த ஒரு வரியை எழுதியவரைக் குழுவில் யாரும் ஏளனம் செய்யாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். சொன்னவருக்குத் திட்டும், மறைத்தவருக்குப் பாராட்டும் கிடைக்கிற குழுவில் அடுத்தவர் எப்படி வாய் திறப்பார்? தடை போடும் உரிமை குழுவுக்கு உண்டு. ஏற்பதாக இருந்தால், ஏற்பதைப் போலவே நடந்துகொள்ள வேண்டும்.

வழங்கும் முறை: கண்ணெழுத்து இடுதல், கண்ணெழுத்திட்ட படம், கண்ணெழுத்து இல்லாத கதை. கோப்புக்குள் கருவி மட்டும் படிக்கும்படி மறைத்து வைக்கும் அடையாளத்துக்கு இது பொருந்தாது; கூகுளின் சின்த்ஐடி போன்றவற்றை மறைகுறி எனலாம். தேடலுக்காகச் சேர்க்கும் ஹேஷ்டேக் குறிச்சொல்லாகவே இருக்கட்டும். கணினிக்குக் கற்பிக்கப் படங்களை 'இது சுறா, இது திருக்கை' என்று பிரித்து வைக்கும் வேலையையும் ஆங்கிலத்தில் லேபிளிங் என்றே சொல்கிறார்கள். அதற்கு வகைக்குறி போதும். அங்கே தன் பெயரைப் பொறிப்பவர் யாரும் இல்லை.