டைல்ஸ் மாற்றினால் நாற்றம் போகாது

உள்ளாட்சி அமைப்புகள் புதுப்பிக்கும் பொதுக் கழிப்பறைகளைப் பார்வையிட்டு அறிக்கை கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ரசமட்டமும் டேப்பும் பையில் இருக்கும். ஆனால் உள்ளே நுழைந்ததும் நான் முதலில் கேட்பது ஒரு வாளித் தண்ணீர். அதைக் கதவோரம் தரையில் மெதுவாகச் சாய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கூட வந்தவர்கள் கண்ணாடியையும் சென்சார் குழாயையும் காட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம்.

ஒருமுறை, திறந்து இரண்டே மாதமான கழிப்பறை. "எல்லாம் புதுசு சார், ஆனா நாத்தம் மட்டும் போகல" என்று அங்குள்ள பொறியாளர் கூப்பிட்டார். சுவரெல்லாம் பளிச்சென்று வெள்ளை டைல்ஸ். வாளியைச் சாய்த்தேன். தண்ணீர் டிராப் (தரையில் தண்ணீர் வெளியேறும் குழி) பக்கமே திரும்பவில்லை. நேராக யூரினலுக்குக் கீழே இருந்த மூலைக்குப் போய்க் குளம் கட்டி நின்றது. விசாரித்தால், பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே பசை தடவிப் புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாள். 2013 முதல் ஐ.நா.வே அதை அனுசரிக்கிறது. அந்தத் தேதிக்குத் திறப்பு விழா வைத்தாயிற்று, உடைத்தால் நாள் தள்ளிப்போகும். சரி, ஒட்டிவிடுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்ட தரைக்கு மீட்டருக்கு 12 முதல் 16 மில்லிமீட்டர் வாட்டம், அதாவது சரிவு, கொடுப்போம். நடக்கிறவர் காலுக்கு அது தெரியாது, தண்ணீர் ஓட அது போதும். மேஸ்திரி அந்த வாட்டத்தை அடித்தளச் சாந்திலேயே எடுத்திருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும்போது பசையைக் கூட்டிக் குறைத்து எடுக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

தேங்கினால் என்ன, துடைத்துவிடலாமே என்பார்கள். சிறுநீர் விழுந்த உடனே அப்படி நாறுவதில்லை. தேங்கிக் கிடக்கும்போது அதிலுள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. மூக்கைக் குத்துவது அதுதான். டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் சிமென்ட் கிரவுட் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் எத்தனை முறை துடைத்தாலும் துணிதான் நாறும்.

அதே கழிப்பறையில் யூரினலுக்குப் பின்னால் இருந்த குழாயை ஓரிடத்தில் அறுத்துக் காட்டச் சொன்னேன். 50 மி.மீ. குழாய். நடுவில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் துளை இருந்தது. மற்றதெல்லாம் மஞ்சளும் பழுப்புமாக இறுகிக் கல்லாகிப்போன உப்பு. அம்மோனியா உருவாகும்போது சிறுநீரின் காரத்தன்மை கூடும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டாகப் படியும். உப்புத் தண்ணீரில் ஃபிளஷ் செய்கிற இடங்களில் இன்னும் வேகமாகப் படியும். பீங்கான் புதுசு, அது போய்ச் சேரும் குழாய் இருபது வருடப் பழசு. எஸ்டிமேட்டைப் புரட்டினேன். டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் பெயர்ப்பலகைக்கும் தனித்தனி வரி இருந்தது. குழாய்க்கு ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் டிராப். தரையில் ஜல்லடை மூடி போட்டிருக்கிற அந்தக் கிண்ணத்துக்குள் சுமார் 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடை வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான், வேறு தாழ்ப்பாள் கிடையாது. வாட்டம் தப்பான தரையில் டிராப்புக்குத் தண்ணீரே வராது. சில வாரங்களில் உள்ளே இருந்ததும் ஆவியாகிவிடும். இன்னொரு வழியிலும் அது காலியாகும்: குழாய்க்குள் காற்றுப் போய்வர வைக்கும் வென்ட் பைப் இல்லாமலோ அடைபட்டோ இருந்தால், பக்கத்து அறையில் ஃபிளஷ் செய்யும்போது குழாய்க்குள் இழுப்பு உண்டாகி, டிராப்பில் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் "கபக் கபக்" என்று ஒரு சத்தம் கேட்கும். உங்கள் வீட்டுக் குளியலறையில் அது கேட்டாலும் இதே கதைதான். பயன்படுத்தாத அறையென்றால் வாரம் ஒரு குவளைத் தண்ணீர் அந்த டிராப்பில் ஊற்றினால் போதும்.

நாற்றம் வந்தால் அடுத்து என்ன நடக்கும்? ஆசிட். மேலதிகாரி வரும் நாளில் தரை முழுக்க ஆசிட்டைக் கொட்டித் தேய்ப்பார்கள். ஆசிட் சிமென்டைத் தின்னும். கிரவுட் அரித்துப் பள்ளமாகும். பள்ளத்தில் இன்னும் கூடுதலாகச் சிறுநீர் தங்கும். அடுத்த முறை இரண்டு பாட்டில் வேண்டியிருக்கும். புதுப்பிக்கும்போதே சிமென்டுக்குப் பதில் எபாக்சி என்ற பிசினால் ஆன கிரவுட் போட்டால் இந்தச் சுற்றிலிருந்து தப்பலாம். இதைவிட முக்கியமான ஒன்று: ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத அறையில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். "ரெண்டையும் கலந்தா பளிச்சுனு இருக்கும்" என்று ஒரு மேற்பார்வையாளர் என்னிடமே சொன்னார். வேலை செய்கிற அம்மா கதவுக்கு வெளியே நின்று இருமிக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கத்து வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான இடம் ஒதுக்கி நியாயம் செய்துவிட்டதாக நினைக்கிறோம். யூரினலுக்கு இடம் குறைவாகப் போதும் என்பதால் அதே பரப்பில் ஆண்கள் பக்கம் கூடுதல் பேர் போகலாம். பெண்களுக்கோ உடை, மாதவிடாய், கையில் குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் ஆகும். நியூயார்க் நகரம் 2005-இலேயே புதிய அரங்குகளிலும் திரையரங்குகளிலும் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு இரண்டு என்ற கணக்கைச் சட்டமாக்கியது. நம் மதிப்பீடுகளில் இன்னும் சுவரை நடுவில்தான் எழுப்புகிறார்கள். கதவில் ஒரு கொக்கி, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, உள்ளிருந்து ஒழுங்காக விழுகிற தாழ்ப்பாள், இவற்றுக்குப் பெரிய செலவில்லை. கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

வேலை நடக்கும் மாதங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஓர் இடத்தில் தகரம் அடித்து மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. எதிரில் வாகன நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம், இப்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "காலையில பத்து மணிக்கு மேல தண்ணி குடிக்கறத விட்டுட்டேன் சார்" என்றார். பாதியை மூடிப் பாதியைத் திறந்து வைத்து இரண்டு கட்டமாகச் செய்திருக்கலாம். அதுவும் முடியாதென்றால் தற்காலிகக் கழிப்பறை இரண்டையாவது நிறுத்தியிருக்கலாம்.

மாற்றுத்திறனாளி கழிப்பறைக்கு வருகிறேன். சக்கர நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. விட்டத்துக்கு வெற்றிடம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். கைப்பிடிக் கம்பியை நான் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்ப்பேன். ஒருமுறை திருகாணியோடு கையில் வந்துவிட்டது. வெறும் பலகைத் தடுப்பில் முடுக்கியிருந்தார்கள்.

ஆனால் பெரும்பாலும் இழுத்துப் பார்க்கவே வழியிருக்காது, அந்த அறை பூட்டிக் கிடக்கும். சாவி வாங்கித் திறந்தால் உள்ளே துடைப்பம், வாளி, பினாயில் கேன், உடைந்த நாற்காலி. தூய்மைப் பணியாளர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. சாமான் வைக்க அவருக்கென்று வரைபடத்தில் மூன்றடிக்கு மூன்றடிகூட யாரும் ஒதுக்கவில்லை. அவர் எங்கே வைப்பார்?

முதலில் சொன்ன அந்த இடத்தில் கடைசியில் தரையை உடைத்தார்கள். வாட்டம் சரியானது, குழாய் மாறியது. அதோடு படிக்கட்டுக்குக் கீழே வீணாகக் கிடந்த இடத்துக்குக் கதவு போட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு குழாயும் வைக்கச் சொன்னேன். அதுவரை அங்கே வேலை செய்த அம்மா கை கழுவும் பேசினில் வாளியைச் சரித்துப் பிடித்துத்தான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார், கால் வாளிகூட நிரம்பாது. மறுபடி பார்வையிடப் போனபோது வழக்கம்போல வாளி கேட்டேன். புதுக் குழாயடியில் நிமிர்த்தி வைத்துத் தளும்பத் தளும்பப் பிடித்துவந்து கொடுத்தார். "இந்த வாட்டி எந்தப் பக்கம் ஓடுதுன்னு நானே பார்த்துட்டேன் சார்" என்றார்.