பாகற்காய்ப் பொடி சர்க்கரை நோய்க்குக் கேட்டதா? யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவச் சோதனைகளுக்கு மருந்து தயார் செய்து கொடுக்கும் மருந்தாளுநர் நான். இது தெரிந்தால் போதும், கோயிலோ கல்யாணமோ, இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதி ஆன்ட்டிகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாகற்காயைப் பற்றித்தான் கேட்பார்கள். "பொடி சாப்பிட ஆரம்பிச்சேன், சுகர் 14-லிருந்து 9-க்கு வந்திடுச்சு. இதுக்கு மேல என்னப்பா ஆதாரம் வேணும்?" (இங்கே சர்க்கரையை மில்லிமோலில் சொல்வோம். தமிழ்நாட்டுக் கணக்குக்கு 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

ஆன்ட்டி பொய் சொல்லவில்லை. 14 காட்டியது, பிறகு 9 காட்டியது. ஆனால் பொடி எப்போது ஆரம்பித்தது? 14 காட்டிப் பயந்துபோன அன்றைக்கு. தீபாவளிப் பலகாரம் ஓய்ந்த வாரமாகவும் இருக்கலாம். ரத்தச் சர்க்கரை ஏறி இறங்குகிற ஒன்று. உச்சத்தில் இருக்கும்போது எதை ஆரம்பித்தாலும், அடுத்த அளவு பெரும்பாலும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். பயத்தில் சோற்றைக் குறைத்திருப்பார்கள், மறந்துபோன சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினை ஒழுங்காகப் போட ஆரம்பித்திருப்பார்கள். வீட்டு மீட்டருக்கே 15 சதவீதம் வரை வித்தியாசம் அனுமதி உண்டு. ரத்தத்தில் உண்மையில் 10 இருந்தால், அது 8.5 காட்டினாலும் 11.5 காட்டினாலும் மீட்டரைக் குறை சொல்ல முடியாது.

இத்தனையும் சேர்ந்து இறக்கிய சர்க்கரைக்குப் பொடி மட்டும் பேர் வாங்கிக்கொள்கிறது. சரி, பொடியின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இதே பயம், இதே பத்தியம், இதே மெட்ஃபார்மின் எல்லாம் இருந்து, பொடி மட்டும் இல்லாத இன்னொரு கூட்டம் வேண்டும். யார் எந்தக் கூட்டம் என்பதை நாமோ டாக்டரோ முடிவு செய்யக்கூடாது. செய்தால், ஆர்வமுள்ளவர்களும் தினமும் நடக்கிறவர்களும் பொடிப் பக்கமே போய்ச் சேருவார்கள். அதனால் குலுக்கல். வயது, எடை போல நமக்குத் தெரிந்த வித்தியாசங்கள் மட்டுமல்ல, நமக்குத் தோன்றவே தோன்றாத வித்தியாசங்களும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும். அதற்கு ஆட்கள் போதுமான அளவு வேண்டும். பத்துப் பேரை வைத்துக் குலுக்கினால் சமமாகும் என்று நம்ப முடியாது.

அப்புறம் என் வேலை. பொடி இல்லாத கூட்டத்துக்கு, பார்க்க அதேபோல இருக்கும் போலி மாத்திரை கொடுப்போம். எந்தப் பாட்டிலில் எது இருக்கிறது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியக்கூடாது, கொடுக்கும் நர்ஸுக்கும் தெரியக்கூடாது. லேபிளில் எண் மட்டும் இருக்கும். பாகற்காய் இதில் பெரிய தலைவலி. காப்சூலில் அடைத்தாலும் ஏப்பம் விட்டால் கசப்பு மேலே வந்துவிடும். போலி மாத்திரையிலும் மருந்தாக வேலை செய்யாத ஏதாவது கசப்பைச் சேர்த்தாக வேண்டும். மனிதர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். 1986-ல் அமெரிக்காவில் நடந்த ஏ.இசட்.டி. என்ற எய்ட்ஸ் மருந்துச் சோதனையில் காப்சூலைப் பிரித்துச் சுவைத்துப் பார்த்தவர்கள் உண்டு. உயிருக்குப் போராடியவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதை அளக்கப் போகிறோம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒரு நாள் காலை அளவு போதாது, இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்க்க வேண்டும். முடிந்தபிறகு எது நன்றாக வந்திருக்கிறதோ அதைத் தேடி எடுத்து அறிவிப்பது ஆய்வே இல்லை. பாகற்காயை இப்படிப் போலி மருந்தோடும் மற்ற மாத்திரைகளோடும் ஒப்பிட்ட நான்கு சோதனைகளை 2012-ல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் கோக்ரேன் குழு சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 479 பேர். சர்க்கரை நோய்க்கு இதைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "ஒழுங்கா சாப்பிட்டவங்களுக்குக் கேட்கும்." பொடி விற்கிறவரும் இதைத்தான் சொல்கிறார். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் என் தொழிலில் நான் மிகவும் சந்தேகப்படும் வாக்கியம் இதுதான். ஏன் என்பதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது.

டர்பனிலும் வுலிண்ட்லேலாவிலும் 889 பெண்களை வைத்து, எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க டெனோஃபோவிர் என்ற மருந்து கலந்த, பெண்ணுறுப்பில் போடும் ஜெல்லைச் சோதித்தார்கள். கேப்ரிசா 004 என்று பெயர். 2010-ல் முடிவு வந்தது: போலி ஜெல் பக்கம் 60 பேருக்குத் தொற்று, மருந்து ஜெல் பக்கம் 38 பேருக்கு. 39 சதவீதம் குறைவு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் ஒரே சோதனையை நம்பி ஜெல்லைக் கடைக்குக் கொண்டுவரவில்லை. தென்னாப்பிரிக்காவிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களோடு ஃபாக்ட்ஸ் 001 என்ற இன்னொரு சோதனை நடந்தது. 2015-ல் அதன் முடிவு: மருந்துப் பக்கம் 61, போலிப் பக்கம் 62. வித்தியாசமே இல்லை.

பலரால் உடலுறவின் ஒவ்வொரு முறையும் ஜெல்லைப் பயன்படுத்த முடியவில்லை. பெற்றோர் வீட்டில் இருக்கும் இளம்பெண் இதை எங்கே ஒளித்துவைப்பாள்? மருந்து உடலில் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது தொற்று குறைவாகத்தான் இருந்தது. ஆனால் விடாமல் பயன்படுத்தியவர் யார்? தனி அறை இருந்தவர், துணை ஒத்துழைத்தவர், இயல்பிலேயே கவனமானவர் என்று வேறு காரணங்களும் அவரிடம் இருக்கலாம். அவரைத் தனியாகப் பொறுக்கி எடுத்த அந்த நிமிஷமே குலுக்கல் கலைந்துபோகிறது. அதனால்தான் பயன்படுத்தினாரோ இல்லையோ, குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாரோ அந்தப் பக்கத்துக் கணக்கிலேயே எல்லோரையும் எண்ணுகிறோம். வீட்டில் வைத்துப் பயன்படுத்த முடியாத மருந்து ஊரைக் காப்பாற்றாது என்ற உண்மையும் அந்தக் கணக்கில்தான் தெரிய வருகிறது.

பொடிக்காரர் சொன்னதற்கும் இதே பதில்தான். தினமும் தவறாமல் கசப்பை விழுங்குகிற ஆன்ட்டி, ரொட்டியையும் எண்ணித்தான் சாப்பிடுவார்.

பாகற்காய் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கறியாக வைத்துச் சாப்பிடுங்கள், எனக்கும் பிடிக்கும். பொடி சாப்பிடுகிறவர்கள் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்சுலினோ, கிளிக்ளசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்களுக்குச் சர்க்கரை ரொம்பவே இறங்கிவிட வாய்ப்பிருக்கிறது. பொடியை நம்பி மெட்ஃபார்மினை நிறுத்தாதீர்கள்.

"எங்களை வச்சு எலி மாதிரி சோதனை பண்றீங்களா?" என்ற கேள்வியும் வரும். யாராவது உங்களைச் சோதனைக்கு அழைத்தால் இன்னும் கறாராகவே கேளுங்கள். தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாஹ்ப்ராவின் அனுமதி இருக்கிறதா? நெறிமுறைக் குழு ஒப்புதல் எங்கே? எனக்குப் போலி மருந்து விழுந்தால் இப்போது எடுக்கும் மாத்திரை தொடருமா? பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை கிடைக்குமா? ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டுக்கு எடுத்துப்போய் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். "இப்பவே போடுங்க" என்று அவசரப்படுத்தினால், போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.