குமி என்றால் காவல்துறையா?

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே அக்கா மகன் கேட்டான்: "மாமா, அந்தக் காலத்துலயே ஜப்பான்ல போலீஸ் ஸ்டேஷன் இருந்துச்சா?" கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து ஏதோ ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிர்நீல மேலங்கி, கை விளிம்பில் வெள்ளை முக்கோணங்கள், இடுப்பில் இரண்டு வாள். நாலைந்து பேர் ஒரு விடுதிக் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறார்கள். கீழே தமிழ் வரி: "சாமுராய் காவல்துறை! யாரும் அசையாதீர்கள்!"

இந்தச் சொல்லை நான் பார்ப்பது முதல் தடவையாக இருந்தால் சோற்றை முடித்துவிட்டுப் போயிருப்பேன். வரலாற்றுக் காணொளிகளில் "சாமுராய் போலீஸ்", கட்டுரைகளில் "சிறப்புக் காவல் படை", இன்னும் துணிந்தவர்கள் கையில் "ரகசிய போலீஸ்". பையன் கேட்டதில் தப்பே இல்லை. காவல்துறை என்று எழுதிவிட்டால் ஸ்டேஷன் எங்கே, ஏட்டையா எங்கே என்று கேட்கத்தானே செய்வான்?

அந்த நீலச் சட்டைக்காரர்களின் பெயர் ஷின்செங்குமி. ஜப்பானியத்தில் எழுதினால் மூன்று எழுத்து. ஷின் என்றால் புதிய, சென் என்றால் தெரிந்தெடுத்த. இவை இரண்டும் சீன வழி ஒலிகள். மூன்றாவதான குமி ஜப்பானியச் சொல். கூட்டுச்சொல்லில் பின்னால் வரும்போது அதன் ககரம் மெலிந்து ஒலிக்கும். 'நன்கு', 'பங்கு' என்று சொல்லிப் பழகிய நமக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ககரத்துக்கு முன் வரும் மூக்கொலியும் ஙகரமாகவே ஒலிப்பதால், ஷின்சென்குமி என்பதைவிட ஷின்செங்குமி என்று எழுதுவதே காதுக்கு நேர்மை.

குமி, 'குமு' என்ற வினையிலிருந்து வந்தது. ஒன்றோடொன்று கோத்துச் சேர்ப்பது, பின்னுவது என்று பொருள். அந்த எழுத்தின் இடப்பக்கத்தில் நூலைக் குறிக்கும் உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் ஒன்றாம் வகுப்பு இரண்டாம் பிரிவு என்றால் அந்தப் பிரிவு குமி. எடோ காலத்தில் ஐந்து வீடுகளை ஒன்றாகக் கட்டி, ஒரு வீட்டான் தப்பு செய்தால் ஐந்து வீடும் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்தார்களே, அது ஐவர் குமி. இன்றைய தோக்கியோவான எடோ நகரத்தில் தீயணைப்போர் 48 குமிகளாக இருந்தார்கள். கட்டுமான நிறுவனங்கள் சிலவற்றின் பெயர் குமியில் முடியும். யாக்குசா என்ற ரவுடிக் கும்பல்களின் பெயரும் அப்படித்தான். காவல் என்ற பொருள் இந்தச் சொல்லில் மருந்துக்கும் கிடையாது.

கூட்டம் 'குமிந்து'விட்டது என்று நாமும் சொல்கிறோமே, அப்படியானால் குமி தமிழ்தானே என்று இந்த இடத்தில் யாராவது கிளம்புவார்கள். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ காலமெல்லாம் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. குமியையும் குமிதலையும் பார்த்து ஒரு நொடி மகிழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவது உத்தமம்.

சரி, காவல்துறைக்கு வருவோம். துறை என்பது அரசாங்கத்தின் ஒரு கிளை. பொதுப்பணித்துறை, வருவாய்த்துறை போல அதற்குப் பணியிடம் உண்டு, சம்பள விகிதம் உண்டு, ஓய்வு உண்டு. ஷின்செங்குமி என்ன? 1863இல், எடோவிலிருந்து நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுன் இயெமோச்சி, பேரரசர் இருந்த கியோட்டோவுக்குப் போகிறார். அவருக்கு முன்னால் நகரத்தை அடக்கிவைக்க, தலைவனில்லாத வாள்வீரர்களான ரோனின்களில் இருநூற்றுச் சொச்சம் பேரைத் திரட்டி அனுப்புகிறார்கள். திரட்டும் யோசனையைச் சொன்ன கியோகாவா ஹாச்சிரோ, அங்கே போய்ச் சேர்ந்ததும் 'நாம் வந்தது ஷோகுனுக்காக இல்லை, பேரரசருக்காக' என்று கட்டையைப் போடுகிறார். பெரும்பாலோர் எடோவுக்குத் திரும்பிவிட, கியோட்டோவை ஒட்டிய மிபு என்ற ஊரில் சிலர் மட்டும் தங்கிவிடுகிறார்கள். கொண்டோ இசாமி, ஹிஜிகாதா தோஷிசோ, செரிசாவா காமோ எல்லாம் அந்த மிச்சம்தான். இவர்களை ஐசு நாட்டுப் பிரபு மாட்சுதாய்ரா கதாமோரி தன் பொறுப்பில் ஏற்கிறார். அந்த ஏற்பாட்டுக்கு ஜப்பானியத்தில் 'அசுகாரி' என்று பெயர். யாரோ ஒப்படைத்த பொருளைப் பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். இப்படிப் பொறுப்பில் விடப்பட்ட கூட்டத்துக்கு 'துறை' என்று பெயர் வைத்தால், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரை வருவாய்த்துறை என்று கூப்பிடுவது போல இருக்கிறது.

அவர்கள் நடந்துகொண்ட விதமும் துறை மாதிரி இல்லை. ஆரம்பத்தில் கையில் காசில்லாமல், ஒசாகாவின் பெரும் பணக்கார வணிக வீடான கோனோயிகெவிடம் 200 ரியோ (அந்தக் காலப் பொற்காசு) 'கடன்' கேட்டு வாங்கினார்கள். நீல மேலங்கி அந்தப் பணத்தில் தைத்தது என்று சொல்வார்கள். அடாவடி தாங்காமல் போன செரிசாவாவை அதே வருடம் கொண்டோ பக்கத்து ஆட்களே வெட்டிக் கொன்றார்கள். விட்டுப் போக நினைத்தாலும் முடியாது. மூத்தவர்களில் ஒருவரான யாமானாமி கெய்சுகே விலகிப் போய், பிடிபட்டு, 1865இல் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு சாக வேண்டிவந்தது. போலீஸ் வேலையை விட்டால் வருங்கால வைப்புநிதி கைக்கு வரும். குமியை விட்டால் கத்தி கைக்கு வரும்.

அப்போது கியோட்டோவில் வேறு காவலே இல்லையா? இருந்தது. மாச்சி-புக்யோ என்ற நகர அதிகாரிகள் கிழக்குக்கு ஒருவர், மேற்குக்கு ஒருவர் என்று இருந்தார்கள். எடோவில் வடக்கு, தெற்கு. நகர நிர்வாகம், காவல், விசாரணை, தீர்ப்பு எல்லாம் ஒரே கையில். அவர்களுக்குக் கீழே யோரிக்கி, அவர்களுக்குக் கீழே தெருவில் இறங்கி நடக்கும் தோஷின். தோஷின் கையில் இருந்தது ஜித்தே என்ற இரும்புத் தடி. வாளைச் சிக்கவைக்க அதில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஆளை உயிரோடு பிடிப்பதற்கான கருவி அது. இந்த மாச்சி-புக்யோவுக்கும் காணொளிக்காரர்கள் 'போலீஸ் கமிஷனர்' என்றே எழுதுகிறார்கள். நம்மிடம் கொத்தவால் என்று ஒரு சொல் இருந்தது. உருது வழி வந்ததுதான், ஆனால் நகரக் காவலையும் சந்தையையும் சேர்த்துப் பார்த்த அதிகாரியின் பெயர். சென்னைக்காரர்கள் இன்றும் கொத்தவால் சாவடி என்கிறார்கள், கொத்தவால் யார் என்பதைத்தான் மறந்துவிட்டோம். மாச்சி-புக்யோவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குக் கொத்தவாலும் தோஷினும் இருக்கும்போதே, அவர்களால் சமாளிக்க முடியாத வாள்சண்டைக்காரர்களைச் சமாளிக்க வெளியிலிருந்து பிடித்து வைத்தவர்கள்தான் ஷின்செங்குமி. 1864 ஜூலையில் இகெதாயா விடுதியில் புகுந்தபோது கொண்டோவோடு முதலில் நுழைந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஹிஜிகாதாவின் ஆட்கள் வேறு இடத்தில் தேடிவிட்டுப் பின்னால் வந்து சேர்ந்தார்கள். இருட்டில், தாழ்ந்த கூரைக்கடியில், இரண்டு மணி நேரம் போல வாள்சண்டை. அதைக் 'காவல்துறை நடவடிக்கை' என்று எழுதினால் அந்த இரவின் பதற்றம் பத்திரிகைக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

இன்னொன்று. ஜப்பானில் போலீஸ் என்று நிஜமாகவே ஒன்று வந்தது. சாட்சுமாவைச் சேர்ந்த காவாஜி தோஷியோஷி 1872இல் ஐரோப்பா போய், பாரிஸ் போலீஸைப் பார்த்துவிட்டு வந்தார். 1874இல் தோக்கியோ மாநகரக் காவல் தலைமையகம் பிறந்தது. அதற்கு ஜப்பானியர்கள் 'கெய்சாட்சு' என்ற வேறு சொல்லை வைத்தார்கள், குமி என்று வைக்கவில்லை. ஷின்செங்குமியில் மூன்றாம் பிரிவுக்குத் தலைவராக இருந்த சாய்தோ ஹாஜிமே, ஃபுஜிதா கோரோ என்ற பெயரோடு 1877இல் அந்தப் போலீஸில் சேர்ந்தார். குமியில் இருந்தபோது யாரை எதிர்த்து வாள் வீசினாரோ, அவர்கள் அமைத்த அரசின் போலீஸ். 'காவல்துறையிலிருந்து காவல்துறைக்கு மாறினார்' என்று எழுதினால் அவருடைய வாழ்க்கையின் மொத்தத் திருப்பமும் ஏதோ பணியிட மாற்ற உத்தரவு மாதிரி ஆகிவிடாதா?

'சாமுராய்' என்ற முன்பாதியும் அவ்வளவு சுத்தமில்லை. கொண்டோவும் ஹிஜிகாதாவும் எடோவுக்கு மேற்கே தாமா பகுதி விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஹிஜிகாதா இளவயதில், அடிபட்ட வீக்கத்துக்குத் தன் வீட்டார் தயாரித்த மருந்துப்பொடியைச் சுமந்துபோய் விற்றவர். ஷோகுனின் நேரடி வீரர்கள் என்ற தகுதி அவர்களுக்குக் கிடைத்தது 1867இல், ஷோகுன் ஆட்சியே பொட்டென்று விழப்போகும் நேரத்தில்.

பிறவிச் சாமுராய்களைக் கொண்டு அமைத்த அணி வேறு இருந்தது: 1864இல் வந்த மிமாவாரிகுமி. ஷோகுனின் நேரடி வீரர் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தது. மிமாவாரி என்றால் பார்த்துக்கொண்டே சுற்றி வருவது. அரண்மனையையும் நிஜோ கோட்டையையும் சுற்றிய பகுதி இவர்களுக்கு. கேளிக்கைத் தெருவான கியோன் பக்கம் ஷின்செங்குமிக்கு. 1867 டிசம்பரில், ஷோகுன் ஆட்சிக்கு எதிராக வேலை செய்த சாகாமோதோ ரியோமா கொல்லப்பட்டபோது பழி முதலில் ஷின்செங்குமி மேல் விழுந்தது. 1870இல் மிமாவாரிகுமியைச் சேர்ந்த இமாய் நோபுவோ தங்கள் ஆட்கள் செய்தது என்று ஒப்புக்கொண்டார். இரண்டையும் 'சாமுராய் போலீஸ்' என்றே எழுதுகிற கட்டுரையில், யார் மேல் விழுந்த பழி யாருக்குப் போனது என்று படிப்பவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

மறுபக்கம் தூய்மைக்காரர்கள். எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும், ஆனால் 'புதுத்தேர்வுக் குழு' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தபோது கிரிக்கெட் வாரியம் மறுபடியும் ஆட்களை மாற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். எழுத்துக்கு எழுத்து சரி. சேர்த்துப் படித்தால் கோவிந்தா. 'கூலிப்படை' என்று போடுகிறவர்களும் உண்டு. நம் செய்தித்தாள்களில் கூலிப்படை என்றால் காசுக்குக் கொலை செய்ய வந்து ஆட்டோவில் தப்பியோடுகிறவர்கள். அந்த வாசனை போகாது.

பழைய சொற்களிலும் தேடிப் பார்த்தேன். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவில் திருடரைத் தேடித் திரியும் 'ஊர்காப்பாளர்' வருகிறார்கள். அழகான சொல், ஆனால் ஊர் இங்கே உறுத்துகிறது, மிபுக்காரர்கள் யாரும் கியோட்டோ ஊர்க்காரர்கள் இல்லை. கல்வெட்டுகளில் வரும் 'பாடிகாவல்' இன்னும் நெருங்கி வருகிறது: கைபலம் உள்ள ஒருவரிடம் ஒரு பகுதியின் காவலை ஒப்படைத்து, அதற்காக அவர் வரி பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு. கோனோயிகெ கடனை நினைத்தால் சிரிப்பு வருகிற அளவுக்குப் பொருந்துகிறது. ஆனால் பாடிகாவலுக்கே ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்பதால் மனசில்லாமல் கைவிட்டேன்.

என் தேர்வு 'அணி'. இடுதல், கோத்தல், வரிசைப்படுத்தல் என்ற பொருள் அதன் வேரிலேயே இருக்கிறது. படையின் ஒரு பகுதி என்ற பழைய பொருளும் உண்டு. நம் அரசியல் புண்ணியத்தில் பிளவு வாசனையும் சேர்ந்துவிட்டது, அதுவும் நல்லதுக்குத்தான். 1867இல் ஷின்செங்குமியின் மூத்தவர்களில் ஒருவரான இதோ காஷிதாரோ தனி அணியாகப் பிரிந்து போனதையும், பழைய அணி அவரைத் தீர்த்துக்கட்டியதையும் வேறு எந்தச் சொல்லில் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும்? ஆகவே ஷின்செங்குமி பெயர்ச்சொல்லாக அப்படியே இருக்கட்டும்; முதல் தடவை வரும்போது 'புதிதாகத் தெரிந்தெடுத்த அணி' என்று ஒரு வரி. மிமாவாரிகுமி, சுற்றுக்காவல் அணி. எல்லாவற்றுக்கும் பொதுவாகக் 'காவல் அணிகள்'. குமியில் இல்லாத காவலை ஏன் சேர்க்கிறாய் என்றால், அவர்களை ஏற்றுக்கொண்ட கதாமோரியின் பதவிப் பெயரிலேயே காத்தல் என்ற சொல் இருக்கிறது.

இந்தச் சிக்கல் முழுவதும் ஆங்கிலத்திலிருந்து எடுப்பதால் வருவது. ஆங்கிலக்காரர் தன் வாசகருக்குப் புரிய போலீஸ் என்று போட்டார். நம்மவர் அதை ஜப்பானியச் சொல் என்று நினைத்துக் காவல்துறை ஆக்கினார். 'ஷோகுனேட்' என்று எழுதுகிறார்களே, அதன் வாலில் தொங்கும் 'ஏட்' யாருடையது? ஷோகுன் ஆட்சி என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மூன்று வரியை இரண்டு நொடியில் திரையில் அடக்க வேண்டிய அவசரம் எனக்கும் தெரியும். ஆனால் 'காவல் அணி' நீளத்தில் 'காவல்துறை'யைத் தாண்டாது.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். கியோட்டோவிலிருந்து எடோ திரும்பியவர்களைக் கொண்டு ஷின்சோகுமி என்று இன்னொரு அணி அமைத்து, ஷோனாய் நாட்டுப் பிரபுவின் கீழ் எடோ தெருக்களைச் சுற்ற விட்டார்கள். ஊர் மக்கள் அவர்களை 'ஓமாவாரி-சான்', அதாவது சுற்றி வருபவர் என்று கூப்பிட்டதாகவும், இன்றைய ஜப்பானியப் பிள்ளைகள் தெருமுனைப் போலீஸ்காரரை அழைக்கும் சொல் அதுவே என்றும் சொல்வதுண்டு. மிமாவாரியில் இருக்கும் அதே மாவாரி. அந்தக் கார்ட்டூன்களிலேயே, இந்தக் காலத்துக் கதையில், வழி தவறிய சின்னப் பெண் 'ஓமாவாரி-சான்!' என்று கூப்பிடுகிறாள். தமிழ் வரி 'காவல்துறை அதிகாரி அவர்களே' என்கிறது. அங்கே தாராளமாகப் 'போலீஸ் மாமா' என்று போடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.