தண்டால் எடுக்கும் பூச்சி

ஓடை நீர் எவ்வளவு சுத்தம் என்பதை அதில் வாழும் பூச்சிகளை வைத்தே அறிய, குற்றால மலையில் சிற்றாற்றுக்கு நீர் சேர்க்கும் ஓடை ஒன்றில் முழங்கால் நீரில் நின்றோம். வலையின் வாயை நீர் வரும் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் படுகையை மூன்று நிமிடம் காலால் கிளற வேண்டும். கல்லடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் பிடி நழுவி வலைக்குள் வந்துவிடும். வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் தெரிவது வெறும் சருகும் மணலும்தான். சற்றுப் பொறுங்கள், சருகு நடக்கத் தொடங்கும்.

எங்கள் தட்டில் இரட்டை வால் பூச்சி ஒன்று ஆறு கால்களையும் ஊன்றி உடலை மேலும் கீழும் அசைத்தது. அசல் தண்டால்! ஸ்டோன்ஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவம் அது. கால்கள் தொடங்கும் இடத்தில் பஞ்சுக் குஞ்சம்போல் அதற்குச் செவுள்கள் உண்டு. ஓடையில் நீரே ஓடிவந்து செவுளைத் தழுவும். தட்டிலோ நீர் நிற்கிறது. அதனால் தானே அசைந்து புது நீரைச் செவுளுக்கு வரவழைக்கிறது. நாம் ரசித்த வேடிக்கை உண்மையில் அதன் மூச்சுமுட்டல். வெயில் ஏற ஏற அவதி கூடும்: 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5தான்.

சாக்கடை கலந்தால் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். அப்போது சேற்றில் மிஞ்சுவது, மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் தீனியாக வாங்கும் சிவப்புப் புழு. கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் குழந்தை அது. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதற்கும் இருப்பதால், சொற்ப ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும்.

இந்த வேறுபாட்டை வைத்து பிரிட்டனில் 1980 வாக்கில் ஒரு மதிப்பெண் முறை உருவானது: மாசைத் தாங்காத பூச்சிக் குடும்பத்துக்கு அதிக மதிப்பெண், தாங்குவதற்குக் குறைவு. நம் தண்டால்காரரின் குடும்பத்துக்கு 10, சிவப்புப் புழுவின் குடும்பத்துக்கு 2. பாட்டிலில் பிடித்த நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் கடந்து போயிருக்கலாம். பூச்சியோ மாதக்கணக்கில் அங்கேயே குடியிருப்பது. எனக்கு அதன் சாட்சியத்தில்தான் நம்பிக்கை. ஆனால் பிரிட்டன் பட்டியலை அப்படியே நம் ஓடைக்குப் பொருத்தக் கூடாது. இங்குள்ள குடும்பங்கள் வேறு, அவற்றின் தாங்குதிறனும் வேறு.

போகும் காலமும் முக்கியம். வெள்ளம் வடிந்த மறுநாள் வலை போட்டால் நல்ல ஓடையும் காலியாகத் தெரியும். பூச்சிகளை நீர் அடித்துப் போயிருக்கும். மழை ஓய்ந்து சில வாரங்கள் கழித்துப் போவதே சரி.

எடுத்த இடத்திலேயே தட்டைக் கவிழ்த்தோம். தண்டால்காரர் விழுந்த வேகத்தில் ஒரு கல்லிடுக்கில் நுழைந்துகொண்டார்.