பெட்டிக்குள் கிடக்கும் நெகட்டிவ்களைக் கொஞ்சம் பாருங்கள்

"பிலிம் கெமரா திரும்ப வருமா?" என்று ஹட்டனில் என் ஸ்டூடியோவுக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். வந்துகொண்டுதான் இருக்கிறது. 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போன கோடக், நிறுத்தி வைத்திருந்த எக்டாக்ரோம் பிலிமை 2018இல் மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் புத்தம் புதிய பிலிம் கெமரா ஒன்றையே வெளியிட்டது. விலை கூடிய, ஆசைக்கு எடுக்கிற பொருளாகப் பிலிம் நின்றுகொள்ளும்.

என் கவலையெல்லாம் ஏற்கெனவே எடுத்து முடித்த பிலிம்மீதுதான். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் மலையகக் குடும்பங்கள் பாதியாகப் பிரிந்தன. கப்பலேறும் முன் எல்லோருமாக நின்று எடுத்த படம் சில வீடுகளில் போனவர்களோடு போய்விட்டது. இங்கே மிஞ்சியது நெகட்டிவ் மட்டும், அதாவது கறுப்பும் வெள்ளையும் தலைகீழாகப் பதிந்த அந்தப் பிலிம் துண்டு. அது லயத்துக் காம்பராவில், கட்டிலுக்கடியில், பொலித்தீன் பையில் கிடக்கிறது.

நம் ஊர்க் குளிர் பிலிமுக்கு நல்லதுதான். ஈரம்தான் எமன். படம் பதிந்திருப்பது ஜெலட்டின் படலத்தில்; பூஞ்சணத்துக்கு அது நல்ல சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேல் நீண்டநாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். நெகட்டிவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: மினுக்கமில்லாத பக்கத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் ஓடினால் அதுதான். தயவுசெய்து தண்ணீரில் கழுவாதீர்கள், ஈரத்துணியாலும் துடைக்காதீர்கள். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். முகம் அப்படியே வழிந்துபோய்விடும். அடுப்படியிலும் வெயிலிலும் காயவைக்கவும் வேண்டாம், சுருண்டுவிடும்.

புளித்த வினாகிரி வாடை வந்தால் பிலிமின் அடித்தளமே சிதைகிறது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்து நெகட்டிவ்களையும் கெடுக்கும். உடனே பிரித்துவைத்து, அதை முதலில் பிரதி எடுங்கள். அடுத்து கலர் நெகட்டிவ்கள், ஏனென்றால் அவற்றின் சாயம் இருட்டிலும் மங்கும். எடுத்த காலத்திலேயே ஸ்டூடியோவில் நன்றாகக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கொஞ்சம் பொறுக்கும்.

பிரதி எடுக்க ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லையா, சரி: ஒரு போனின் திரையை முழு வெள்ளையாக்கி, அதற்கு ஓர் அங்குலம் மேலே நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு போனால் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினால் போதும். திரைமேல் ஒட்டிவைத்தால் புள்ளி புள்ளியாக விழும்.

பிரதி எடுத்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். போன் பழுதாகும், மெமரி கார்ட் போகும். நெகட்டிவைப் பார்க்க ஒரு ஜன்னல் வெளிச்சம் போதும். கடதாசி உறையில் போட்டு, இறுக மூடும் டின்னில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் பொட்டலம் பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

அப்புறம், அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் பக்கத்தில் உட்கார்த்தி, யார் யார், எந்தத் தோட்டம் என்று கேட்டு உறையில் எழுதுங்கள். பென்சிலால், நெகட்டிவை உள்ளே போடுவதற்கு முன்.