வேலைத் தேர்வுக்குப் போய்வந்தபின் தூங்காத பிள்ளைகள்

இந்த மாதத்தில் இப்படி என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். தங்கச்சிமடத்தைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. தந்தை விசைப்படகில் வேலை பார்ப்பவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சென்னையில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய ஆள்தேர்வில், காலையில் எழுத்துத் தேர்வு, பிறகு குழு விவாதம், மாலையில் நேர்காணல் என எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சேது எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பியவர், 11 நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை. குழு விவாதத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, முடிக்கத் தெரியாமல் நிறுத்திவிட்டாராம். அவ்வளவுதான்.

அவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். அன்று தான் சொன்னதையும் சொல்லியிருக்க வேண்டியதையும் ஒவ்வோர் இரவும் மறுபடி எழுதிவைத்திருந்தார். "யோசிச்சாத்தானே சார் அடுத்த தடவை திருத்திக்க முடியும்?" என்று கேட்டார். உடன் வந்திருந்த அம்மாவும், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்பதுபோல் தலையசைத்தார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்த நோட்டிலேயே பதில் இருந்தது. முதல் இரவு எழுதிய பக்கத்தில், அவர் பேச்சை நிறுத்தியபோது எதிரே இருந்த அதிகாரி எதையோ குறித்துக்கொள்கிறார். ஐந்தாம் இரவில் அதே அதிகாரி உதட்டைப் பிதுக்குகிறார். ஒன்பதாம் இரவில் பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். நினைவை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய மனநிலை அதில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவர் இத்தனை நாளாகத் திருத்திக்கொண்டிருந்த காட்சியில் பாதி அவரே சேர்த்தது. ஆராய்ந்து பார்ப்பது வேறு, அசைபோடுவது வேறு. ஆராய்ந்தால் 'இந்தத் தலைப்பை இன்னும் படிக்க வேண்டும்' என்று ஓரிடத்தில் வந்து நிற்கும். அசைபோட்டால் 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று விடியும்வரை சுற்றும். அந்த நோட்டில் அடுத்த தேர்வுக்குப் பயன்படக்கூடிய ஒரு வரிகூட இல்லை; தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நம் தடுமாற்றத்தை எல்லோரும் கவனித்திருப்பார்கள் என்பதும் மிகையான கணக்கு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட பனியனை அணிந்து அறைக்குள் நுழைந்த மாணவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர். மேலும், இத்தகைய ஆள்தேர்வுகளைப் பல கட்டங்களாக, பல மதிப்பீட்டாளர்களை வைத்து நடத்துவதற்கு, ஒரு தடுமாற்றத்தை மட்டும் பார்த்து யாரையும் தள்ளிவிடக்கூடாது என்பதும் ஒரு காரணம்.

ஊர் திரும்பும் வழியிலேயே ஒரு முறை, அரைப் பக்கம், எழுதி மூடிவிடுங்கள். அதற்குப் பிறகும் நினைப்பு வந்தால், மாலையில் 15 நிமிடம் அதற்கென்று ஒதுக்கி, மற்ற நேரத்தில் 'மாலையில் பார்த்துக்கொள்கிறேன்' என்று தள்ளிப்போடுங்கள்; கேலியாகத் தோன்றினாலும் பழகப் பழகப் பலன் தரும். உடன் தேர்வெழுதியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யார் என்ன பதில் சொன்னார் என்று தோண்டாதீர்கள். தடுமாறியதற்கு மன்னிப்புக் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். அவர்கள் கவனிக்காததை நீங்களே காட்டிக் கொடுக்கிறீர்கள். பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "என்னாச்சு, போன் வந்துச்சா?" என்று வேளைக்கு ஒரு முறை கேட்காதீர்கள், அத்தை, சித்தப்பாவையும் கேட்க விடாதீர்கள்.

இரண்டு வாரம் கடந்தும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தது எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் என்பதால், மனநலம் என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே பல குடும்பங்கள் ஏன் மிரள்கின்றன என்பது எனக்குத் தெரியும். மனநல மருத்துவரிடம் போனால், தூக்கம் வராத பட்டதாரியை யாரும் கட்டிப்போடப் போவதில்லை. உட்கார வைத்துப் பேசுவார்கள். நேரில் வரத் தயங்கினால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே அழையுங்கள்.